விழா மேடை, நேர்காணல், சிறுகதை: எழுத்தாளரின் ஆண்டு எங்கே போகிறது?

உம்கேனிக்கரை, டர்பன்

அனைவருக்கும் வணக்கம். புனைகதை எழுதுபவர்களும் அதைத் தேடிப் படிப்பவர்களும் இந்த இணைய மன்றத்தில் பலர் இருப்பதால், வெகுநாளாக மனத்தில் இருக்கும் கேள்வியொன்றை உங்கள் முன் வைக்கிறேன். சிறுகதை எழுதும் ஒருவரை வளர்ப்பது எது? விழாக்களா, நேர்காணல்களா, அல்லது அவருடைய கதையை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பிறகு அச்சிலேற்றும் இதழா? இதழ்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நம் தென்னாப்பிரிக்காவில் விழாவும் நேர்காணலும் செழித்திருக்க, இதழ் மட்டும் மெலிந்துகொண்டே வருகிறது.

எங்கள் டர்பனில் 1998 முதல் ‘டைம் ஆஃப் தி ரைட்டர்’ விழா நடந்து வருகிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக்கலை மையம் நடத்தும் விழா அது. 2017-இல் யுனெஸ்கோ டர்பனை இலக்கிய நகரமாக அறிவித்தபோது, ஆப்பிரிக்காவிலேயே அந்தப் பெயரைப் பெற்ற முதல் நகரம் நாமானோம். மேற்கே பிரான்ஷூக்கில் ஒரு விழா, கேப்டவுனில் ‘ஓப்பன் புக்’, சொவெட்டோவில் ‘அபன்ட்டு’ என்று நாட்காட்டி நிறைந்திருக்கிறது. இவற்றால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த விழாக்களின் நடைமுறையைக் கவனியுங்கள். பெரும்பாலும் புதிதாக நூல் வெளியிட்டவரே அழைக்கப்படுகிறார். பயணச் செலவின் ஒரு பகுதியைப் பதிப்பாளர் ஏற்பதால் பதிப்பாளர் முன்னிறுத்தும் நூலே மேடைக்கு வருகிறது. பதிப்பாளருக்கோ நாவல்தான் வேண்டும், ஏனெனில் சிறுகதைத் தொகுப்பு விற்பது கடினம். ஆக, நல்ல சிறுகதைகள் நான்கை ஓராண்டில் எழுதி முடித்தவருக்கு அந்த நாட்காட்டியில் இடமே இல்லை. இடம் கிடைத்தவரோ அடுத்த கதையை எழுத வேண்டிய மாதங்களை முந்தைய நூலைப் பற்றிப் பேசிக் கழிக்கிறார்.

இதற்கு மாறான காலமொன்று இங்கே இருந்தது. 1951-இல் தொடங்கிய ‘டிரம்’ இதழ் சிறுகதைப் போட்டி நடத்தியது. 1953-இல் முதல் போட்டியில் வென்ற கேன் தெம்பா அப்போது பள்ளி ஆசிரியர். பரிசுக்குப் பின் அவ்விதழிலேயே பணிக்குச் சேர்ந்தார். எஸ்கியா ம்பாலேலே 1955 முதல் அதன் புனைகதைப் பகுதியைக் கவனித்தார். 1951-க்கும் 1958-க்கும் இடையில் அவ்விதழில் 90-க்கும் மேற்பட்ட சிறுகதைகள் வெளிவந்தன. அடுத்த மாதமும் கதை வேண்டும் என்று கேட்கும் ஓர் இடம் இருந்தது, எழுதினார்கள். 1966-இல் அவர்களில் பலருடைய எழுத்தை நாட்டுக்குள் மேற்கோள் காட்டுவதையே நிறவெறி அரசு தடைசெய்த பிறகும் அந்தக் கதைகள் நிலைத்ததற்குக் காரணம், அவை ஏற்கெனவே அச்சில் வாசகர் கைக்குப் போயிருந்தன என்பதுதான்.

என் கதைகளில் ஆங்கிலத்தில் எழுதியவை ஓரளவு வெளிவந்திருக்கின்றன. தமிழில் எழுதியவை மேசைக்குள்ளேயே கிடக்கின்றன. அதனால்தான் இக்கேள்வி எனக்கு முக்கியமாகிறது. உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

சாட்ஸ்வர்த் வாசகர்

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும் வாசகனின் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் மளிகைக் கடையும் துணிக்கடையும் நிறைய உண்டு. இலக்கிய நூல்களை வாங்கத் தனியாகப் பயணம் போக வேண்டும். போனாலும் நூலின் விலைமீது 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி இருக்கிறது. அடிப்படை உணவுப் பொருள்கள் சிலவற்றுக்கு உள்ள விலக்கு நூல்களுக்கு இல்லை. இந்த நிலையில் எழுத்தாளரை நேரில் பார்ப்பதும், அவர் தம் கதையைத் தம் குரலில் படிப்பதைக் கேட்பதும் எங்களுக்குக் கிடைத்தது விழாவினால்தான். டர்பன் விழாவில் பகல் வேளைகளில் எழுத்தாளர்கள் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். பள்ளி மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டியும் நடத்தியிருக்கிறார்கள். நீங்கள் புகழும் ‘டிரம்’ செய்ததும் போட்டிதானே?

மேலும், மேடை கதைக்குப் பகை என்று எனக்குத் தோன்றவில்லை. நம் முன்னோர் 1860-க்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தபோது அச்சு இதழைக் கொண்டுவரவில்லை, தெருக்கூத்தைக் கொண்டுவந்தார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த கூத்தில்தான் எங்கள் பாட்டன்மார் கதை கேட்டார்கள். பிற்காலத்தில் ரோனி கோவிந்தர் டர்பனின் கேட்டோ மேனர் பகுதி மக்களைப் பற்றி எழுதிய கதைகளும் மேடையேறின. ஒரே நடிகர் அத்தனை பாத்திரங்களையும் ஏற்று நடித்தார். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் அந்த ஊர் கலைக்கப்பட்டு, மக்களை இங்கே சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து குடியேற்றியபோது, வீடும் கோயிலும் போயின, பேச்சு போகவில்லை. அந்தப் பேச்சு 1996-இல் நூலாகி, அடுத்த ஆண்டு காமன்வெல்த் எழுத்தாளர் பரிசின் ஆப்பிரிக்கப் பிரிவில் சிறந்த முதல் நூலாகத் தேர்வு பெற்றது. அவரை வளர்த்தது எந்த இதழ்?

உம்கேனிக்கரை, டர்பன்

ஐயா, கோவிந்தரைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அவர் நாடகக்காரர். மேடையில் நடந்தது கதையே. நான் குறை சொல்லும் மேடையில் கதை நடப்பதில்லை. நான்கு நாற்காலிகள், ஒரு நெறியாளர், ‘இலக்கியமும் அடையாளமும்’ போன்றதொரு தலைப்பு, ஆளுக்குப் பத்து நிமிடம். அங்கே கதையின் ஒரு பத்தியைக் கூட யாரும் படிக்காமல் மாலை முடிந்துபோவதுண்டு. பகல் நேரப் பள்ளிச் சந்திப்பு வேறு வகை. அங்கே பிள்ளைகள் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இந்தப் பெண் ஏன் கடிதத்தை எரிக்கவில்லை?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போய் நான் ஒரு கதையின் முடிவையே மாற்றி எழுதியிருக்கிறேன். விழாவுக்குக் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி பகலுக்குப் போக வேண்டும் என்பேன்.

லெனேசியா ஆசிரியர், ஜோகன்னஸ்பர்க்

இருவரும் எழுத்தாளரின் நேரத்தைப் பற்றியும் வாசகரின் வசதியைப் பற்றியும் பேசுகிறீர்கள். அரங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி இன்னும் எழவில்லை. 2015-இல் பிரான்ஷூக் விழாவில் கறுப்பின நாவலாசிரியர் தாண்டோ ம்கோலோசானா, வெள்ளையரே நிறைந்த இத்தகைய விழாக்களுக்கு இனி வரமாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். அழைக்கப்பட்ட கறுப்பின எழுத்தாளர் அங்கே எழுத்தாளராக அல்ல, ஆய்வுக்குரிய மனிதராகவே பார்க்கப்படுகிறார் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் அதோடு நிற்கவில்லை. 2016 டிசம்பரில், கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோவில் ‘அபன்ட்டு’ புத்தக விழாவைத் தொடங்கிவைத்தார். அரங்கு மாறியபோது கேள்விகளும் மாறின என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். நானும் அதைக் கண்ணால் கண்டேன். அங்கே எழுத்தாளரிடம் ‘உங்கள் மக்களின் துயரம்’ பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டவர்களே அந்த மக்கள்.

ஆகவே விழாவா இதழா என்று பிரிப்பதைவிட, யாருடைய விழா, யாருடைய இதழ் என்று கேட்பதே பொருத்தம். இதழ்களிலும் இதே சிக்கல் இருந்தது. 1978-இல் ராவன் பதிப்பகம் தொடங்கிய ‘ஸ்டாஃப்ரைடர்’ இதழ், எந்தக் கதை தகுதியானது என்று நகரத்து ஆசிரியர் ஒருவர் தீர்ப்புச் சொல்வதை ஏற்கவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய எழுத்தாளர் குழுக்களே தங்கள் படைப்புகளைத் தேர்ந்து அனுப்பின. முதல் இதழையே அரசு தடைசெய்தது. அதில் வந்த எழுத்து எல்லாம் தேறியது என்று சொல்லமாட்டேன். சிலவற்றை ஓர் ஆசிரியர் நன்றாகச் செப்பனிட்டிருக்கலாம். ஆனால் வேறெங்கும் வாய்ப்பே பெற்றிருக்க முடியாத எத்தனையோ பேர் அதில் எழுதினார்கள்.

அலைவரிசை, டர்பன்

சமூக வானொலியில் எழுத்தாளர்களை நேர்காணும் பணியைச் செய்பவன் என்ற முறையில் சில நடைமுறை உண்மைகளைச் சொல்கிறேன். நூல் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்தான் கைக்கு வரும். சில வேளை பின்னட்டைக் குறிப்பு மட்டுமே வரும். இருபது நிமிட உரையாடலில் பாட்டு, விளம்பரம், செய்தி போக மிஞ்சுவது குறைவு. கேட்பவர் சமையலறையிலோ காரிலோ இருக்கிறார். அவர் அந்தக் கதையைப் படித்ததில்லை. அவருக்குப் புரியும்படி கேட்க வேண்டுமென்றால் எழுத்தாளரின் வாழ்க்கையைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கதையின் உள்கட்டமைப்பைக் கேட்டால் வானொலியை அணைத்துவிடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லப்படுகிறது. அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. கதையின் முதல் இரண்டு பக்கத்தை எழுத்தாளர் படிக்கட்டும், பிறகு அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று இனி வருபவர்களிடம் கேட்கப் போகிறேன்.

உம்கேனிக்கரை, டர்பன்

‘அலைவரிசை’ அண்ணன் சொல்வது நடந்தால் நான் முதலில் வருவேன்.

நேர்காணலைப் பற்றி என் மனத்தில் உள்ளதை இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எழுத்தாளரின் வாழ்வில் அதிகம் பேசப்படாத இழப்பு இதில்தான் நேர்கிறது என்று நினைக்கிறேன். நம்மவர் யார் நூல் எழுதினாலும் முதல் கேள்வி, ‘உங்கள் கொள்ளுப்பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார்?’ என்பதே. அது மதிப்புள்ள கேள்விதான். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்ததில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தார்கள். அந்த வரலாற்றைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. ஆனால் அதே விடையை மேடைக்கு மேடை, வானொலிக்கு வானொலி சொல்லச் சொல்ல அது மெருகேறிவிடுகிறது. எந்த இடத்தில் நிறுத்தினால் அரங்கு அமைதியாகும், எந்த இடத்தில் சிரிக்கும் என்று நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படி மெருகேறிய நினைவை வைத்துப் பிறகு கதை எழுத முடிவதில்லை. கதைக்குத் தேவை, இன்னும் யாரிடமும் சொல்லப்படாத, சொல்பவருக்கே முழுதாகப் புரியாத பகுதி. அதை நேர்காணலில் செலவழித்துவிட்டால் மேசைக்குத் திரும்பும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. என் தோழியர் பலருக்கும் இது நேர்ந்திருக்கிறது.

நம் நாட்டு நாவலாசிரியர் ஜே. எம். கூட்சே புக்கர் பரிசை 1983-லும் 1999-லும் வென்றார். இரண்டு விழாவுக்கும் அவர் செல்லவில்லை. 2003-இல் நோபல் பரிசுச் சொற்பொழிவு நிகழ்த்தியபோதும் தம்மைப் பற்றிப் பேசாமல் ஒரு புனைகதையையே படித்தார். அவர் பேசவே மறுத்தவர் அல்லர். டேவிட் அட்வெல் என்ற ஆய்வாளர் அவரோடு நிகழ்த்திய உரையாடல்கள் கட்டுரைகளுடன் சேர்ந்து 1992-இல் நூலாக வந்தன. எழுத்தின் நுட்பம் பற்றி ஒருவர் இவ்வளவு திறந்து பேச முடியுமா என்று அதைப் படித்து வியந்திருக்கிறேன். கேட்பவர் படித்திருந்தார், பதில் சொல்ல நேரம் இருந்தது. எனக்குத் தேவையானது அந்த வகை நேர்காணல். எழுத்தில் கேள்வி, எழுத்தில் பதில், இடையில் சில வாரங்கள்.

சாட்ஸ்வர்த் வாசகர்

கூட்சேக்கு மறுக்க முடியும், அம்மா. முதல் நூல் வெளியிட்ட இளையவர் மறுத்தால் அடுத்த அழைப்பு வராது. விழாவுக்குப் போகாமலிருப்பது பெயர் பெற்றவர்களுக்கு வாய்த்த வசதி.

லெனேசியா ஆசிரியர், ஜோகன்னஸ்பர்க்

உண்மை. அதோடு, எங்கள் ஜோகன்னஸ்பர்க் எழுத்தாளர் நடீன் கோர்டிமர் மறுபக்கத்துக்குச் சான்று. கூட்டம், அறிக்கை, எழுத்தாளர் சங்கம் என்று பொதுவாழ்வில் முழுமையாக நின்றார், சிறுகதையையும் விடவில்லை. ஆனால் உம்கேனிக்கரை அம்மையாரின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் செய்தியும் அவரிடமே இருக்கிறது. அவருடைய கதை அச்சில் வந்தது 1939-இல், பதின்ம வயதிலேயே, ஜோகன்னஸ்பர்க்கின் ஓர் இதழில். 1951-இல் நியூயார்க்கர் இதழ் அவர் கதையை வெளியிட்டது. முதலில் இதழ்கள் வந்தன, 1991-இல் நோபல் வரும்வரை சிறுகதை அவரோடு இருந்தது.

மாரிட்ஸ்பர்க் மாணவி

அக்கா, ஐயா, அனைவருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் அம்மாச்சியிடமும் கோயில் வகுப்பிலும் தமிழ் கற்றேன். தமிழில் மூன்று சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன். என்னை எந்த விழாவுக்கும் யாரும் அழைக்கப் போவதில்லை, அழைத்தாலும் தமிழ்க் கதையை அங்கே யார் கேட்பார்கள்? அரசியலமைப்புச் சட்டத்தில் தமிழின் பெயர் இருக்கிறது என்று எங்கள் ஆசிரியை பெருமையோடு சொல்வார். ஆனால் இந்த நாட்டிலிருந்து தமிழில் எழுதும் ஒருவர் கதையை எங்கே அனுப்புவது என்று அவருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

உம்கேனிக்கரை, டர்பன்

தங்கையே, உன் கேள்விதான் இந்த இழையிலேயே தேவையான கேள்வி.

உன் ஆசிரியை சொன்னது சரி. 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, இங்குள்ள சமூகங்கள் பேசும் மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் குறிப்பிட்டு, அவற்றை வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்கிறது. இந்த ஊரில் தமிழ் அச்சு புதிதும் அன்று. 1903-இல் காந்தியடிகள் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் முதல் சில ஆண்டுகள் தமிழ்ப் பகுதி இருந்தது. 1908-இல் பி. எஸ். ஐயர் டர்பனில் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்தது. அவை அரசியல் இதழ்கள். ஆனாலும் தமிழில் எழுதினால் தமிழில் அச்சாகும் என்ற நிலை இருந்தது.

இன்று உனக்கு இரண்டு வழிகளைச் சொல்வேன். ஆப்பிரிக்காவில் பெரிதாகப் பேசப்படும் கெய்ன் பரிசு உனக்கு உதவாது. அது ஆங்கிலத்தில் ஏற்கெனவே வெளிவந்த கதைக்கு உரியது. பதிப்பாளர்தான் அனுப்ப வேண்டும், எழுத்தாளர் தாமே அனுப்ப முடியாது. இதழ் இல்லாதவருக்கு அந்தக் கதவே இல்லை என்பதைக் கவனி. காமன்வெல்த் சிறுகதைப் பரிசு வேறு வகை. தென்னாப்பிரிக்கா 1994-இல் காமன்வெல்த்துக்குத் திரும்பியதால் நீ அதற்குத் தகுதியுடையவள். பதினெட்டு வயது நிறைந்திருந்தால் போதும். கட்டணம் இல்லை. ஆங்கிலம் அல்லாத சில மொழிகளிலும் கதையை மூலமாகவே அனுப்பலாம், அவற்றில் தமிழும் ஒன்று. கதை 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் இருக்க வேண்டும். தமிழில் 2,000 சொல் என்பது ஆங்கிலத்தில் அதைவிட நீண்ட கதைக்குச் சமம், ஆகவே உன் சிறிய கதைகளை இதற்காக இழுத்து நீட்டாதே. நீளமாகவே பிறந்த கதையை மட்டும் அனுப்பு.

இரண்டாவது வழி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து வரும் சிற்றிதழ்களும் இணைய இதழ்களும். அனுப்பும்முன் அந்த இதழை ஓராண்டாவது படி. உன் ஊரின் பெயர்களுக்கும் பொருள்களுக்கும் கதைக்குள் விளக்கம் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதே. பன்னி சௌ என்று எழுதினால் ரொட்டிக்குள் கறி வைத்த உணவு என்று விளக்க வேண்டாம். பாத்திரம் அதைப் பிய்த்துத் தின்னட்டும், வாசகருக்குப் புரிந்துவிடும்.

லெனேசியா ஆசிரியர், ஜோகன்னஸ்பர்க்

தங்கைக்கு மூன்றாவது வழி ஒன்றும் வேண்டும். பரிசும் வெளிநாட்டு இதழும் ‘இல்லை’ என்று சொன்னால் ஏன் என்று சொல்லமாட்டார்கள். ஏன் என்று சொல்லும் ஆள் இங்கேயே தேவை. ‘ஸ்டாஃப்ரைடர்’ குழுக்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்: ஊருக்கு ஊர் நாலைந்து பேர் உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர் படிப்பது. அவர்களிடம் விடுபட்டதை உம்கேனிக்கரை அம்மையார் சொல்லும் ஆசிரியர் செய்யட்டும். மாதத்துக்கு ஒரு கதை போதும். தமிழறிந்த ஒருவர் பொறுப்பாசிரியராக இருந்து, ஏற்பதா திருப்புவதா என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். நான் ஆறு மாதத்துக்கு அந்தப் பொறுப்பை ஏற்கத் தயார். அதன்பின் வேறொருவர் ஏற்க வேண்டும், இல்லையென்றால் எல்லாக் கதையும் என் சுவைக்கு வளைந்துவிடும்.

சாட்ஸ்வர்த் வாசகர்

வாசிக்க நான் வருகிறேன். எழுதத் தெரியாதவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே சலித்தது என்று சொல்ல ஒரு வாசகர் வேண்டும். ஆனால் விழாவை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறு மாதம் கழித்துத் தேறிய கதைகளை எங்கள் சமூகக் கூடத்தில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

உம்கேனிக்கரை, டர்பன்

ஐயா, அந்த நிபந்தனையை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன், கதையை மட்டும் படிப்போம், கலந்துரையாடல் அதற்குப் பிறகு. தங்கையே, ஒரு முக்கியமான எச்சரிக்கை: கதைகளை இந்த இழையில் பதிவிடாதே. காமன்வெல்த் பரிசு ஏற்கெனவே வெளியான கதையை ஏற்பதில்லை. பொதுவெளியில் எவரும் படிக்கும்படி இணையத்தில் இட்டதும் வெளியீடாகவே கொள்ளப்படும். லெனேசியா ஆசிரியருக்குத் தனிமடலில் மூன்றையும் முழுமையாக அனுப்பு. எதை முதலில் எடுப்பது என்று அவர் சொல்லட்டும். என் மேசைக்குள் இருப்பவற்றில் ஒன்றையும் இன்றிரவே அவருக்கு அனுப்புகிறேன்.